வாவியில் தாழ்ந்த பாலைமரத் துண்டு

என் பாசமுள்ள அண்ணா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. நேற்றுத்தான் நான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன். ஏனென்று சொல்கிறேன். ஊரும் படிக்கட்டும்.

நாவற்குடாவில், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் வாவியைப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு நீங்கள் செய்த அந்த அகலமான இழுப்புக் கதவுகளை நேற்றுக் கழற்றிவிட்டார்கள். கொழும்பு மருமகன் வந்து, இனி அலுமினியச் சட்டம்தான் போடவேண்டும் என்றாராம். உப்புக்காற்றுக்கு அது தாங்குமோ தாங்காதோ, அது அவர்கள் பாடு.

அன்று நீங்கள் பிரக்கிராசியாருக்கு எத்தனை தரம் சொன்னீர்கள்! இரும்புச் சட்டம் கேட்டவரை, "இரும்பு ரெண்டு மாரிக்கும் நிக்காது ஐயா. சட்டத்துக்குப் பாலைமரம் போடுவம், கீழ ஓடுற தண்டவாளத்தப் பித்தளையில எடுங்க" என்று மடக்கினீர்கள். சட்டத்துக்கு ஒத்துக்கொண்டார். தண்டவாளம் மட்டும் இரும்புதான் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டாம் மாரியில் அது துருவேறி, கதவு அசையாமல் இறுகிவிட்டது. அன்று வீட்டில் விருந்தாம். பெரிய மனிதர்கள் முன்னால் நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் திறக்கவில்லையாம். அந்த வெட்கத்தை யார் தலையில் கொட்டுவது?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதாகோவில் வாசலில் சனம் நிற்க, உங்களைக் காட்டி, "பாலையெண்டு சொல்லி மலிவான மருதமரத்த வெச்சிட்டான், அது ஊதித்தான் கதவு இறுகினது. கள்ளன்" என்றார். பெயின்ற் பூசிய மரத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? "ஒரு துண்டு வெட்டித் தாங்க ஐயா, தண்ணியில போட்டுக் காட்டுறன்" என்று கெஞ்சினீர்கள். நல்ல கதவை வெட்டுவதா என்று சிரித்தார். அதன்பிறகு யார் உங்களை வேலைக்குக் கூப்பிட்டார்கள்? காட்டுக்கு மரம் தறிக்கப் போய், காய்ச்சலோடு திரும்பி, கள்ளனென்ற பெயரோடேயே கண்ணை மூடினீர்கள்.

நேற்று நான் அங்கே போனேன். கழற்றிய சட்டங்கள் வளவுக்குள் கிடந்தன. வேலைக்கு நின்றவரிடம் மரம் அரியும் வாளை வாங்கி, நானே ஒரு சாண் துண்டு அரிந்தேன். ஆறு தரம் ஓய்ந்து ஓய்ந்து அரிந்தேன், அண்ணா. பாலை லேசில் அறுபடுமா? பிரக்கிராசியார் விறாந்தையிலிருந்து ஓடிவந்தார். "மருதெண்டால் மிதக்கும், பாலையெண்டால் தாழும். பாருங்க!" என்று வாவியில் எறிந்தேன். வேலைக்காரர்களும் தோணிக்காரர்களும் பார்த்து நிற்க, ஒரே தாழ்ச்சியாகத் தாழ்ந்தது.

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல? அவருடைய முகம் சுண்டிப்போனதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

இன்று காலை அவரே வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, நான் சொன்னது பிழைதான். ஆண்டவருக்காக மன்னிச்சிரு. அண்ணனுக்குக் கல்லறையும் நானே கட்டித்தாறன்" என்றார்.

"கள்ளனெண்டு எங்க நிண்டு சொன்னீங்களோ, அங்கயே நிண்டு இல்லையெண்டு சொல்லுங்க" என்றேன்.

சனத்துக்கு முன்னால் முடியாதாம். வேண்டுமானால் பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தைச் சுவாமியாரிடம் தனியாகச் சொல்கிறாராம். "விடுகா தங்கச்சி, பெரிய மனிசன் படியேறி வந்திருக்கார்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் விடவில்லை.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அண்ணா. வருகிற ஞாயிறு முதல், பூசை முடிந்ததும் அந்த வாசலில் நான் நிற்பேன். அவர் வாய் திறக்கும்வரை, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் மரம் தாழ்ந்ததைச் சொல்வேன். இந்தப் பகை பாவமென்று எனக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்கு நானும் போவேன். அவர் வாசலில் சொன்ன பிறகு.

உங்கள் சொல் மெய்யானதைக் கண்ணால் கண்ட
தங்கை திரேசா