மூன்றாம் மாடிக் கரப்பான்கள்

ஆண்டவர் துணை

ஹட்டன்,
ஜூலை 14, ஞாயிறு.

என் அன்பு ஷெரோமிக்கு,

உன் றிச்சர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் லோஜினியும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது சுகம்தான், அது பொய்யில்லை. நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை போனில் உனக்குக் கிடைப்பதே பத்து நிமிடம். உன் பக்கத்தில் நீ வேலை செய்கிற வீட்டு மேடம், என் பக்கத்தில் பிள்ளை. நான் எதைச் சொல்ல முடியும்? கிருஷாந்தி லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று நீ கையெழுத்துப் போடுவதற்குள் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் இந்த அவசரம்.

முதலில் கரப்பான் கதை. மூச்சிழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, கொசுச்சுருள் கொளுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கரப்பான் எச்சமும் அவளுக்கு ஆகாது என்று சொன்னவரும் அவர்தான். மருந்தும் கூடாது, கரப்பானும் கூடாது என்றால் நான் என்ன, கரப்பானைக் கும்பிட்டு வெளியே போகச் சொல்வதா? தோட்டத்து லய வீட்டின் ஈரமும் அடுப்புப் புகையும் வேண்டாம் என்றுதானே நீ அங்கே போய், நாங்கள் இந்த மூன்றாம் மாடிக்கு வந்தோம். வந்த இடத்தில் இப்படி.

நீ சொன்னபடி வெள்ளரிக்காய்த் தோல் வைத்தேன். கரப்பான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, எறும்புதான் வந்தது. எறும்புக்கு மஞ்சள் தூளில் கோடு போட்டேன். அது என் காலில் ஒட்டி வீடு முழுவதும் மஞ்சள் பாதம். பக்கத்து வீட்டு சோமா நோனா கராம்பு போடச் சொன்னார். நோர்வூட்டிலிருந்து எங்கள் அக்கா இராசம்மா, "ரம்பை எலயக் கசக்கி வைடா, ஒன்னுகூட அண்டாது" என்றாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருவர் அப்பச்சோடாவும் சீனியும் சரிபாதி என்றார். எல்லாவற்றையும் செய்தேன். எந்த மூலையில் எதை எதற்கு வைத்தேன் என்று எனக்கே மறந்துபோனது. ஒரு நாள் காலையில் சீனி என்று நினைத்து அந்த அப்பச்சோடாக் கலவையைத் தேத்தண்ணியில் போட்டுக் குடித்துவிட்டேன். கொழுந்து லொறியை ஓட்டிக்கொண்டு தோட்டம் போய்ச் சேரும்வரை ஒரே ஏப்பம். லோஜினிக்குச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். குசினியில் குறைந்துவிட்டது, குளியலறையில் இல்லவே இல்லை, பிள்ளையின் அறையில் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. அங்கே சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பிறகு எதைத் தின்று வாழ்கிறது? கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற கஜேந்திரன்தான் காரணம் என்று முடிவு செய்தேன். அவருடைய கடைக்கு நேர் மேலேதானே அந்த அறை. ஒரு நாள் மாலை, கடையில் ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம், போய்க் கத்திவிட்டேன். அந்த மனிதர் பாவம், "வந்து பாருங்க றிச்சர்ட், எங்கயாச்சும் ஒன்னு இருந்தா காட்டுங்க" என்றார். நான் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் எதைப் பார்க்கிறான்.

பிறகு ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினேன். குழாய் போகிற இடத்தில் கம்பி நார், கதவுக்கடியில் பழைய துணி, ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர். மழைக்காலம் வேறு, குளிருக்கும் நல்லது என்று நினைத்தேன். ஒரு எறும்புகூட வர முடியாதபடி அடைத்தேன். அடுத்த நாள்தான் என் தலையில் அந்தப் புத்தி உதித்தது.

ஷெரோமி, இனிமேல் எழுதுவதைப் பதறாமல் படி. பிள்ளை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருக்கிறாள்.

நம் லயத்தில் சனிக்கிழமை தோறும் புகை போடுவார்களே, உனக்கும் நினைவிருக்கும். தணலில் சாம்பிராணியும் காய்ந்த யூகலிப்டஸ் இலையும் போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போனால் வாசம் மட்டும் இருக்கும், பூச்சி இருக்காது. அதையே இங்கே பிள்ளையின் அறையில் செய்தேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, அவள் டியூஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் செய்தேன். தணல் சட்டியைத் தணித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஜன்னலையும் திறந்து மூடியாயிற்று, கண்ணுக்குப் புகை தெரியவில்லை. சரிதான் என்று நினைத்தேன். லயத்தில் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாகப் புகை தானாகப் போய்விடும். இங்கே மேலே கொங்கிரீட். இருந்த இடுக்கையும் முதல் நாள் நானே பேப்பர் வைத்து அடைத்திருந்தேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன், விளங்கவில்லை.

பிள்ளை நனைந்து வந்தாள், உடுப்பு மாற்ற அறைக்குள் போனாள். பத்து நிமிடத்தில் இழுப்பு. இதுவரை இல்லாத இழுப்பு. வாயில் அடிக்கிற பம்ப் இரண்டு முறை கொடுத்தும் கேட்கவில்லை, உதடு நிறம் மாறிவிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினால், கஜேந்திரன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓட்டோவை எடுத்தார். நான் கத்தினேனே, அதே மனிதர். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை நீ கேட்டபோது, "பிள்ள நல்லா இருக்கா" என்றேன். அது முதல் பொய். என்னை மன்னித்துவிடு.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு இன்னும் பெரிய குழப்பம். வீட்டுக்கு வந்ததும் அந்த அறையை ஒழித்துக் கழுவினேன். கட்டிலுக்கடியில், உன்னுடைய பழைய பெட்டிக்குப் பின்னால், ஜாம் போத்தல் மூடிகள் ஐந்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நொறுக்கிய பிஸ்கட், சீனி. இரண்டில் தண்ணீரும் இருந்தது. என் மகள்தான் வைத்திருக்கிறாள், அதுவும் வாரக்கணக்கில்.

நான் அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ போனில் சிரித்துக்கொண்டு, "இந்தக் கரப்பான் போகலன்னா நானே வந்துதான் வெரட்டணும் போல" என்றாயாம். எனக்கு அது நினைவே இல்லை. உனக்கும் இருக்காது. "போகலன்னா அம்மா வர்றேன்னு சொன்னாங்கதானே" என்கிறாள். அது உன் நெஞ்சுக்கு ஆகாதே மகள் என்றேன். "கொஞ்சம் இழுத்தா பரவால்லப்பா" என்றாள். ஒன்பது வயது. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கஜேந்திரனிடம் அன்றே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உன்னை வா என்று எழுதலாம் என்று பார்த்தால், நீ வந்தால் வாடகைக்கு வழியில்லாமல் இந்த வீட்டை விட்டுத் திரும்பவும் லயத்துக்குத்தான் போக வேண்டும், அந்த ஈரத்தில் அவள் நெஞ்சு என்னாகுமோ தெரியவில்லை. வராதே என்று எழுதலாம் என்று பார்த்தால், இங்கே இருந்தும்தானே அவள் மூச்சு நின்றுபோகப் பார்த்தது. இரண்டையும் எழுதி எழுதி வெட்டிவிட்டேன். நீ அவளோடு தனியாக ஒரு பத்து நிமிடம் பேசு. மேடம் இல்லாத பத்து நிமிடம். அதற்குப் பிறகு உன் மனது என்ன சொல்கிறதோ, அதன்படி கையெழுத்துப் போடு, அல்லது போடாதே. என் வாயிலிருந்து எதுவும் வராது.

மூடிகளை எல்லாம் எறிந்து, தரையைக் கழுவி, கராம்பும் எலுமிச்சைத் தோலும் வைத்து இன்றோடு பன்னிரண்டு நாள். வீட்டில் ஒரு கரப்பான்கூட இல்லை, ஷெரோமி. காலையில் எழுந்ததும் பிள்ளை முதல் வேலையாக என்னிடம் வந்து, "இன்னிக்குக் கண்டீங்களாப்பா?" என்று கேட்கிறாள். நான், "ரெண்டு கண்டேன்" என்கிறேன். முகம் மலர்ந்து பல் விளக்கப் போகிறாள்.

மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கால் வலிக்குத் தைலம் கிருஷாந்தியிடம் கொடுத்திருக்கிறேன். இனிமேல் காலையில் பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்கு எழுது.

உன்,
றிச்சர்ட்