சாம்பல் நிற மூடி

வியாழன், இரவு

இன்று தெருவிளக்கு டெண்டரைப் பிரித்தோம். விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஸ்பெக் எழுதியவன், இந்த அலுவலகத்துப் பொறியாளனான நான். எழுதினேன் என்பதே பொய். ஒரு பெரிய கம்பெனியின் கேட்லாக்கை அவசரத்தில் அப்படியே காப்பியடித்தேன். அவர்கள் விளக்குக்குச் சாம்பல் நிற மூடி. அந்த வரியும் கூடவே வந்துவிட்டது.

பேரிகை ஊரில் சின்ன ஷெட் போட்டு விளக்கு செய்யும் ரஃபீக் அண்ணன், முதல் தடவையாக அரசாங்க ஆர்டர் கேட்டு வந்திருந்தார். அவர் விளக்கு எல்லாச் சோதனையிலும் தேறியது. மூடி மட்டும் வெள்ளை. ஆபீசர் அவர் டெண்டரைத் தள்ளிவிட்டார்.

"ஏந்தம்பி, எரியற லைட்டுல மூடி என்னா கலருன்னு எவன் அண்ணாந்து பாக்கறான்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"ஸ்பெக்குன்னா ஸ்பெக்குதாண்ணா."

அந்த வரி என் தவறு என்று ஆபீசரிடம் அப்போதே சொல்லியிருந்தால் டெண்டரை மறுபடி விட்டிருப்பார். எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான்.

அண்ணன் விளக்கை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தார். "நாந்தான் சரியாப் படிக்காம வந்துட்டேன். உங்களப் போயி கேட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க தம்பி."

"பரவால்லண்ணா" என்றேன். நான் அவரை மன்னித்தேனாம்.