இடிக்கப்போகும் வீட்டுக்கு ஒரு ஜன்னல்

6.3.94
கீழாண்டைச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று இன்றும் கேட்டேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். அடையாறில் அடுக்குமாடிகளுக்கெல்லாம் ஜன்னல் வைத்துவிட்டு வருகிறவர். பதில் பழையதுதான்: "இடிக்கப்போற வூட்டுக்கு ஜன்னல் இன்னாத்துக்குடி, கயலு?"

பறக்கும் ரயிலுக்காக எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று மந்தைவெளி கால்வாய்க்கரை வீடுகளுக்கு நம்பர் எழுதி ஆறு வருஷம். எங்களுக்கு 114. ரயிலும் வரவில்லை, ஜன்னலும் வரவில்லை.

9.4.94
புழுக்கம். நான் வேலை பார்க்கும் பால்வாடியில் பிள்ளைகளை வீடு வரையச் சொன்னேன். எல்லா வீட்டுக்கும் இரண்டு ஜன்னல். அத்தனையும் எங்கள் கரைப் பிள்ளைகள்தான். எங்கே பார்த்ததுகளோ!

19.4.94
இவரோடு வேலை செய்யும் அண்ணன், சின்னப்பையன் என்று பேர், போய்விட்டார். சாரம் சரிந்து, மூன்றாம் மாடியிலிருந்து — காலையில் எங்கள் வாசலில் டீ குடித்துவிட்டுப் போன மனுஷன்.

20.4.94
இவர் சாப்பிடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "பொட்டில மூணு சட்டை, பின்னுகூட எடுக்காம வெச்சிக்கினு இருந்தான்டி. நல்ல நாளுக்குன்னு. அதுல ஒண்ணப் போட்டுத்தான் அனுப்பினோம்."

24.4.94, ஞாயிறு
கண் விழித்தால் உளிச் சத்தம். இவர் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார்! தி.நகரில் இடித்த வீட்டிலிருந்து ஒரு பழைய மரச்சட்டம், நாலு கம்பியோடு. பக்கத்து வீட்டு ஜானகி அக்கா, "இன்னா நைனா, புத்திகித்தி கெட்டுப்போச்சா?" என்று சிரித்தது. இவர் அடுத்த செங்கல்லைப் பெயர்த்தார்.

சாயங்காலம் ஜன்னல் நின்றது. முதலில் வந்தது கால்வாய் நாற்றம். பிறகு, பட்டினப்பாக்கத்துக் கடல் காற்று. அழுதுவிட்டேன். ஆறு வருஷம்யா! ஆறு வருஷம் இத வெளியவே நிக்க வெச்சிட்டோமே!

11.5.94
காற்று. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

3.6.94
நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த முறை தேதியோடு. நாளை மறுநாள் காலி செய்ய வேண்டும். 'நான் அப்பவே சொல்லல?' என்று இவர் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். இல்லை. ஜன்னலோரம் பாயைப் போட்டு, "வா, குந்து" என்றார்.

5.6.94
வேளச்சேரி தாண்டி ஒரு வெற்று மனை. முள், சேறு, ஒரு தார்ப்பாய். அடுப்புகூட இன்னும் லாரியில்தான் இருக்கிறது. இவர் ஜன்னல் சட்டத்தை மட்டும் தோளில் இறக்கிக்கொண்டு மனை நடுவில் நின்றார்.

"கயலு, காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாரு."

கடல் இங்கிருந்து தூரம். முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். வெகுநேரம் அசையவே இல்லை. இவரும் சட்டத்தைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் லேசாக அசைந்தது, கிழக்கேயிருந்து.