வராத பரீட்சைக்குப் பிரெஞ்சு

இன்று விடுதிச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. யாருக்கோ ஆசையாம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். பல்கலைக்கழகப் பெண்களுக்கு அது இப்போது பலகாரம். வாசனை மாடியேறி என் அறைக்கு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

மலாக்காவில் காஜா பெராங். உன் வீட்டுப் பின்கட்டு. நீயும் நானும் கிழங்கு துருவுகிறோம். ஜப்பான்காரன் வந்தபின் நம் கன்னிமாடப் பள்ளி மூடிக்கிடக்கிறது. பிரெஞ்சு சொல்லித்தந்த சிஸ்டரை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளைக்காரன் எழுத்து வீட்டில் இருந்தால் ஆபத்து என்று உன் புத்தகங்களை உன் அம்மாவே அடுப்பில் போட்டார். நாம் எழுதவிருந்த பள்ளி இறுதிப் பரீட்சையும் இல்லை.

நீ மட்டும் படித்துக்கொண்டிருந்தாய்.

கை செய்வதையெல்லாம் வாய் பிரெஞ்சில் சொல்லும். தோல் உரிக்கிறேன். தண்ணீர் இறைக்கிறேன். அம்மா திட்டுகிறார். மரவள்ளிக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று நம் இருவருக்கும் தெரியாது. நீ அதற்காக நிற்கவில்லை. 'அரிசி இல்லாதபோது நாங்கள் தின்னும் வேர்' என்று சுற்றிக்கொண்டு போனாய். பாலத்தில் நின்ற ஜப்பான் காவல்காரன், 'நாங்கள் குனிந்தால் வழிவிடும் மனிதன்'. நான் துருவுவதை மறந்து உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு குறைந்த சொற்களுக்குள் உலகம் முழுவதும் அடங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நீங்கள் மலாக்காச் செட்டிகள்; தலைமுறைகளாக வீட்டில் பேச்சு மலாய். என்னோடு பேசும்போது தமிழும் கலந்துகொள்ளும்.

"பரீட்சையே இல்லையேடி. யாருக்காகப் படிக்கிற?"

"பெலும் லா. இன்னும் வரல, அவ்வளவுதான். நீ கேள்வி கேளு."

"தோக்கியோவிலேருந்து வந்து பிரெஞ்சு கேக்கப்போறாங்களாக்கும்."

"வந்தா அவனுக்கும் சொல்லிக்குடுப்பேன். வாய மூடிட்டுக் கேளு."

"வாய மூடிட்டு எப்படிடி கேக்குறது?"

சிரிப்போம். பிறகு நான் தேர்வாளர் ஆவேன். நீ முதுகை நிமிர்த்தி உட்காருவாய். கையில் துருவல் ஒட்டியிருக்கும்.

உனக்கு மலேரியா வந்தது. மலாக்கா முழுவதும் தேடியும் கொயினா மருந்து கிடைக்கவில்லை. நீ போய்விட்டாய்.

ஜப்பான்காரன் போன பின்பு பரீட்சை வந்தது. நான் எழுதினேன்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் உன் வீட்டுக்குப் போனேன். உங்கள் செட்டி வீடுகளில் அன்று பார்ச்சு. இறந்தவர்களுக்கு இலை போட்டு, பிடித்ததைப் படைத்து, வரச்சொல்லிக் கூப்பிடுவீர்கள். அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடத் திரையை இழுத்துவிடுவீர்கள். உனக்கும் ஓர் இலை இருந்தது.

திரையைப் பிடித்தபடி உன் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவ படிச்சத யாரும் கேக்கவே இல்லையே. உன்னைப் பரீட்சைல கேட்டாங்கல்ல, அது மாதிரி அவளைக் கேளு. அப்புறம் சாப்பிடட்டும்."

கேட்டேன். பிரெஞ்சில். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும், பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு இடம் விட்டேன். சோற்றில் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் புரியாத உன் அப்பா தலை சாய்த்துக் கவனித்தார்.

"பாஸா?" என்றார் உன் அம்மா.

"பாஸ், அம்மா."

தலையசைத்துத் திரையை இழுத்துவிட்டார்.

இங்கே நான் படித்ததையெல்லாம் எடைபோட்டு எழுதுகிறேன். எதை எழுதினாலும் ஓரத்தில் ஒரு சந்தேகம் நிற்கிறது. அன்று சொன்ன 'பாஸ்' என்ற அந்த ஒரு சொல்லில் மட்டும் இல்லை.