ஐந்தருவி ஃபைலில் கை வைத்தது யார்

உ
ஜூன் 27

இன்று ரிசப்ஷன் சனோபரின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தேன். அவள் கை கழுவப் போன மூன்று நிமிடத்தில். நாற்பத்தொன்பது வயது ஆம்பளை செய்கிற காரியமா? பென்டிரைவ் தேடினேன். கிடைத்தது தேங்காய்ச் சோறு, மிளகு தூவிய முட்டை, ஒரு நோட்டு. நோட்டு முழுக்கப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழிப் பாடம். நான் இங்கே உ போடுகிற மாதிரி ஒவ்வொரு பக்கத் தலையிலும் அவள் 786 போட்டிருக்கிறாள். வேறு தடயம் இல்லை. முட்டையைத் தொடவில்லை — பாதிதான்.

உ
ஜூன் 28

எதற்கு இந்தச் சந்தேகம் என்று எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடும்.

இராமலட்சுமி அக்காவின் குற்றாலம் லாட்ஜ் வாசலில், எந்த அருவியில் குளிக்கலாம், எதில் தடை என்று காட்டும் பலகை உண்டு. அதை ஓட்டும் புரோகிராம் என்னுடையது. ஆறு மாத ஆன்லைன் வகுப்பில் நான் பெற்ற ஒரே பிள்ளை. அருவிக்கு ஒரு குட்டிப் பைத்தான் ஃபைல். புரோகிராம் ஃபோல்டருக்குள் போய், ஃபைல் கிடக்கும் முகவரியைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து ஓட்டும். புது அருவி சேர்க்க வேண்டுமா, ஒரு ஃபைலைப் போட்டால் போதும். போட்டது யார் என்று கேட்காது. அங்கேதான் வினை.

காலையில் போலீஸிடம் கேட்டு புரோகிராம் படிக்கும் ஷீட்டில் நிலவரம் ஏற்றுவது சனோபர். ரிசப்ஷனுக்கு வந்த பிள்ளை, என்னைவிடப் பைத்தான் தெரிந்தவள். முந்தாநாள் மெயினருவியில் தடை, ஐந்தருவியில் குளிக்கலாம். பலகையோ இரண்டிலும் தடை என்றது. இரண்டு வேன் ஆட்கள் ரூமைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். நேற்றும் அதே கதை. ஷீட் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஃபைலில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார்? என் நாற்காலி யாருக்கு வேண்டுமோ அவர்கள்.

உ
ஜூலை 1

"அண்ணாச்சி, அந்த புரோகிராம ஒருக்க நான் பாக்கட்டா?" என்றாள் சனோபர். பார்க்கட்டாவாம். இதுவரை பார்க்காமலா இருக்கிறாள்? பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

உ
ஜூலை 2

வீட்டில் பாலம்மாளிடம் பை கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. "பொம்பளப் பிள்ள பையத் தொறந்து பாத்திருக்கியளே, இதுக்குத் துப்பறியிறதுன்னு பேரா?" இரண்டு வேளையும் மோர்ச் சோறுதான். நல்லவேளை, முட்டையைச் சொல்லவில்லை.

உ
ஜூலை 5

இன்று தலைகீழ். மெயினருவியைத் திறந்துவிட்டார்கள், ஐந்தருவியில் வெள்ளம். பலகை அங்கேயும் குளிக்கலாம் என்றது. சங்கரன்கோவில் குடும்பம் ஒன்று, கைப்பிள்ளையோடு, எண்ணெய் தேய்த்தபடியே போய், போலீஸ் விரட்டித் திரும்பி வந்தது. போலீஸ் இல்லாமல் இருந்திருந்தால் — வேண்டாம்.

"ஏ குத்தாலம், யாருலே இதுல கை வச்சது?" என்று என்னைப் பேர் சொல்லிக் கேட்டார் அக்கா. சனோபர் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

"திங்கக்கிழமயிலேருந்து நீ வராண்டாம்மா."

அவள் அழவில்லை. நவம்பர் வரை இங்கே இருந்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போவதாக இருந்தாளாம். எனக்கு இது தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோயம்புத்தூர் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. 27-ம் தேதி அதை எழுதாமல் விட்டுவிட்டேன். என் நாற்காலியை அவள் என்ன செய்வாள்?

உ
ஜூலை 6

சாவியைக் கொடுக்க வந்தவள் நின்றுகொண்டே சொன்னாள்: "பிழை வந்தா சத்தங்காட்டாம அடுத்ததுக்குப் போன்னு ஒரு வரி எழுதியிருப்பிய. அத எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"ஒங்க புரோகிராம் ஒரு நாளும் பிழைன்னு சொன்னதே இல்லயே."

எடுத்தேன். ஐந்தருவி ஃபைல் முதல் வரியிலேயே செத்துக் கிடந்தது. முதல் வரி: உ.

மற்ற ஃபைல்களில் உ-வுக்கு முன்னால் # போட்டிருக்கிறேன். # இருந்தால் அந்த வரியைப் பைத்தான் படிக்காது. இதில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஐந்தருவி வராததால், கடைசியாகக் கையில் இருந்த மெயினருவி நிலவரத்தையே அதற்கும் போட்டிருக்கிறது. இரண்டு அருவியும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடியவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"நீயும்தான் 786 போடுத, அது மட்டும் ஓடுமா?" என்று கேட்டுவிட்டேன், நோட்டைப் பார்த்ததை நானே காட்டிக்கொடுத்துக்கொண்டு.

"அது எண்ணு அண்ணாச்சி. எண்ணப் பாத்தா பேசாமப் போயிரும். உ-ன்னா அதுக்குப் பேரு மாதிரி. யாரு இவருன்னு கேக்கும்."

ஃபோல்டரில் கிடந்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் கூட்டிவந்த புரோகிராம், பிள்ளையாரைப் பார்த்து மட்டும் யார் என்று கேட்டிருக்கிறது.

# உ
ஜூலை 9

சனோபர் வேலையில் இருக்கிறாள். அக்காவிடம் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் "அண்ணாச்சிதான்க்கா" என்றாள் அவள். எனக்கு ஒரு கிலோ ரம்புட்டான் பரிசு. பாதியை அவள் மேசைக்குத் தள்ளினேன்.

மத்தியானம் என் மேசையில் ஒரு முழு முட்டை. "இனிமே பையத் தொறக்காண்டாம், ஒங்களுக்குன்னே கொண்டாந்துட்டேன்."

இன்னொன்று. # போடுவதற்கு முன், ஃபைல் பெயருக்குப் பக்கத்தில், தினமும் என் கண்ணெதிரே இருக்கிற இடத்தில் பார்த்தேன். கடைசியாகத் திருத்திய நாள் மே 28. சனோபர் வேலைக்குச் சேர்ந்தது ஜூன் 2.