வேனுக்கும் அப்பாவுக்கும் எடுத்த இன்சூரன்ஸ்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பாப்பாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இந்தக் கடிதம் முழுக்க அப்பாவைப் பற்றித்தான், அதற்காக நெஞ்சு பதறாதே, நல்ல சேதிதான். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே எதையோ தேடுகிற மாதிரி வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார், அவரைப் பற்றி அவர் காது படப் பேசினால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். இப்போது முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போயிருக்கிறார், தனியாக, நடந்தே. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

போன வருஷம் உன் வீட்டுக்கு வர அவர் பெட்டி கட்டி வைத்திருந்ததும், கிளம்ப வேண்டிய வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஸ்டென்ட் வைத்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு இந்த வீடு இருந்த இருப்பு. எதைக் கேட்டாலும் ஒரே பதில், "பார்க்கலாம்". டாக்டர் நடங்க, பயணம் போங்க, எல்லாம் சரியாகிவிட்டது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், அவருக்கும் "பார்க்கலாம்" தான். உன் மாமா மகள் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டு, ஷூவும் மாட்டி, வாசல் வரை வந்துவிட்டு, "நீ போயிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் அவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த நோயின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. வாழ்நாளெல்லாம் மருந்துக் கடை கவுன்டரில் நின்ற மனுஷன் இல்லையா, நான்கு பேர் நிற்கும்போது ஒருத்தர் நோயை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அவர் தொழில் நியாயம். டாக்டர் சீட்டைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மருந்தைக் காகிதப் பையில் போட்டு மடித்துத்தான் கொடுப்பார். அதையே தன் நெஞ்சுக்கும் செய்துவிட்டார். அவர் வாயில் அது "அந்தச் சமாச்சாரம்".

எனக்கு யோசனை வந்தது இப்படித்தான். வீட்டை விட்டுப் போக அவருக்குப் பயம், சரி, அப்படியென்றால் வீட்டையே கூட்டிக்கொண்டு போய்விடுவோம். படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேன் வாடகைக்குக் கிடைக்கிறது, பள்ளிக்கூட வேன் ஓட்டிய கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடற்கரைச் சாலையில் போய், நாட்டு எல்லையைத் தாண்டி, மலை மேல் இருக்கிற அந்தப் பெரிய ஏரியைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பலாம் என்று சொன்னேன். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேனைப் பதிவு செய்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்த இன்சூரன்ஸ் கூத்து, வேனுக்கு ஒன்று, வழியில் அப்பா உடம்புக்கு ஒன்று. நீ உன் பங்குக்குக் கிரெடிட் கார்டோடு சும்மா வருகிற இன்சூரன்ஸே போதும்மா என்றாய், விசாரித்தால் அது காருக்கு மட்டும்தானாம், படுக்கை வைத்த வேன் என்றதும் கையை விரித்துவிட்டார்கள், ஆகவே உன் யோசனைக்கு நன்றி. உன் மாமா நாற்காலியை விட்டு எழாமலே எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்கிறவர், அவர் சொன்னது, "ஸ்டென்ட் வெச்சத யாரு கேக்கப் போறாங்க, இல்லைன்னு எழுதிட்டுப் போ, கட்டுற தொகையும் குறையும்". வேன் வாடகைக்காரரோ வாடகையிலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறது என்றார். எல்லாம் என்றால் என்ன என்று துருவித் துருவிக் கேட்டேன். கூரை இடித்தால்? அது இல்லை. கண்ணாடி? இல்லை. டயர்? இல்லை. வண்டிக்கு அடியில் கல் பட்டால்? அதுவும் இல்லை. அந்த மனுஷனுடைய எல்லாம் அவ்வளவுதான். நான் ஓட்டியதெல்லாம் குட்டை வேன், இது என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கிற உயரம், மரக்கிளையோ பார்க்கிங் கம்பியோ இடிக்க ஒரு நிமிஷம் ஆகாது, ஏரிக்கு ஏறுகிற வழியோ ஜல்லிச் சாலை. அதனால் கூரை, கண்ணாடி, டயர், அடிப்பாகம் எல்லாம் சேர்ந்த பெரிய இன்சூரன்ஸாகவே எடுத்தேன், எல்லை தாண்டினாலும் செல்லுபடியாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். கையைக் கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது, ஆனால் வண்டி ஓட்டுகிறவளுக்கு மனசு நிம்மதியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் செய்துவிட்டு நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். இந்த வீட்டில் போன், கரன்ட், தண்ணீர், பால் வரைக்கும் எல்லாமே அப்பா பெயரில்தானே, அதே பழக்கத்தில் வேனையும் அவர் பெயரில் பதிவு செய்து, ஓட்டுநர் என்ற இடத்திலும் அவர் பெயரையே போட்டுவிட்டேன். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத மனுஷன். அதைக் கண்டுபிடித்ததும் அவரேதான். சாப்பாட்டு மேஜையில் நான் போட்டுவிட்டுப் போன காகிதத்தை எடுத்து, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வருகிற பொடி எழுத்துத் தாளைப் படிப்பாரே அதே மாதிரி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி விடாமல் படித்திருக்கிறார். நான் வந்ததும், "சீட்டு என் பேர்ல இருக்கு, மருந்த நீ சாப்பிடப் போறியா?" என்று கேட்டார். பெயர் போடாத ஆள் ஓட்டி வண்டி அடிபட்டால் ஒரு பைசா தரமாட்டார்களாம், அடிக்கோடு போட்டே காட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எந்த விஷயத்திலும் மூக்கை நுழைக்காத ஆள், இதில் நுழைத்துவிட்டாரே. அவரே வாடகைக்காரருக்குப் போன் போட்டுக் கறாராகப் பேசி ஓட்டுநர் பெயரை மாற்றவைத்தார்.

அந்தச் சூட்டோடு பயண இன்சூரன்ஸ் விண்ணப்பத்தையும் நானே பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். ஏரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது வேண்டும். முதல் பக்கம் மளமளவென்று போனது. இரண்டாம் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கேள்வி வந்ததும் பேனாவை மூடி, காகிதத்தை மடித்து, மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் நூல் விட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. நான்கு நாள் அந்தக் காகிதம் அங்கேயே கிடந்தது, அதன் மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்த வட்டம்கூட விழுந்துவிட்டது. கடைசியில் உன் மாமா சொன்ன மாதிரி இல்லைன்னு போட்டுடேன் என்று என்னிடமே சொன்னார். எனக்கு வந்ததே கோபம். நோயை மறைத்தால் நாளைக்கு ஒன்று ஆகும்போது அந்தக் காகிதம் வெறும் காகிதம், அது உங்களுக்கே தெரியும், ஒரு பொய்யைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏற என்னால் முடியாது, எழுதுவதானால் உள்ளதை எழுதுங்கள், இல்லையென்றால் வேனைத் திருப்பிவிடுகிறேன் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அன்றைக்குத்தான் பயந்தேன் சிட்டு. இந்தப் பயணம் கைவிட்டுப் போனால் இனி இவர் எங்கேயும் வரமாட்டார், இந்த நாற்காலியும் அந்த ஜன்னலும்தான் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் டீ போட்டுக்கொண்டே கம்பெனிக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். யாருக்கு எடுக்கிறோமோ அவரேதான் உடம்பைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும், மனைவி சொன்னால் செல்லாது என்றாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமினார். பேசியது அவருடைய கடைக் குரல், அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "பேஷன்டுக்கு இதயத்துல ஒரு அடைப்பு இருந்துச்சு, போன வருஷம் ஸ்டென்ட் வெச்சாங்க, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, ஒரு வேளைகூடத் தவறினதில்ல" என்று யாரோ ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிற மாதிரி அடுக்கினார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், பேஷன்ட் உங்களுக்கு என்ன உறவு சார் என்று கேட்டாள். அப்புறம் சொன்னார், "நான்தாம்மா அது. என் இதயம்தான்".

நான் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். அந்தப் பெண் ஐயோ பாவம் என்றெல்லாம் உருகவில்லை, ஸ்டென்ட் வைத்த பிறகு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டாள், டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்புங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் இதயத்துக்கும் சேர்த்தே தருகிறோம் என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, இவ்வளவுதானா என்கிற மாதிரி இருந்தது.

இன்னும் கேள். கடைசியில் அவள், மனம் மாறிப் பயணம் போகாவிட்டாலும் காரணம் கேட்காமல் பணம் திரும்பக் கிடைக்க ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, சேர்க்கட்டுமா என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னால் இந்தக் கம்பெனியை நான் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். வாசல் வரை வந்து திரும்புகிறவரை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வேன். சேருங்கள் சேருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர், "அது வேண்டாம்மா. நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். டாக்டர் சான்றும் கொடுத்துவிட்டார், முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார். வேனை எடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துக்கொள்வேன், கூரையின் உயரத்தை ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்வேன், ஆகவே நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி உபதேசம் வேண்டாம். உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டதற்கு அப்பா உன் நம்பரைப் பார்க்காமலே ஒப்பித்தார். பக்கத்தில் இருக்கிறவர் யாராவது என்று அந்தப் பெண் இழுத்தாள், தூரமாக இருந்தாலும் என் மகள் எடுப்பாள் என்று சொல்லிவிட்டார். தெரியாத நம்பர் என்றால் எடுக்காமல் விடுகிற உன் குணத்தை நாங்கள் பயணம் போகிற பத்து நாளைக்காவது மூட்டை கட்டி வை. பாப்பாவுக்குக் காதை மூடுகிற தொப்பி போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

இன்னொன்று, இதை உனக்கு எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். போனை வைக்கப் போன அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம்மா என்று நிறுத்தி, இதே இதயத்தோடு விமானத்தில் ரொம்ப தூரம் போக இன்சூரன்ஸ் தருவீர்களா, பேத்தி ஒருத்தியை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்று கேட்டார். தருவோம் சார் என்றாள். நீ இதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அடுத்த தடவை பேசும்போது எப்பப்பா வர்றீங்க என்று வழக்கம்போலக் கேள், அவர் இப்போது என்ன பதில் சொல்கிறார் என்று மறக்காமல் எனக்கு எழுது. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

எப்போதும் உன் நினைவோடு,
அம்மா