காணாமல் போனவர்கள் பக்கம், ஐப்பசிப் பௌர்ணமி

ஐப்பசி 16, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை.

பழைய லேப்டாப் போய்விட்டது. புதியதில், பக்கம் கட்ட உதவும் நோட் (Node) மென்பொருள் புது வெர்ஷன். பென்டிரைவிலிருந்து ஃபோல்டரை அப்படியே எடுத்துப் போட்டேன். பில்ட், அதாவது பக்கத்தைக் கட்டும் கட்டளை, ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. இரவல் வாங்கிய புரோகிராம்களில் ஒரு பேக்கேஜ் இன்னொன்றோடு சேராதாம். நான்கு வருஷம் சேர்ந்திருந்தவை.

பௌர்ணமி புதன்கிழமை. கிரிவலக் கூட்டத்தில் தொலைகிறவர்களின் பெயர்ப் பக்கம் அதற்குள் வேண்டும். பாதையில் ஒன்பது பூத். பூத்தில் இருப்பவர்கள் போனில் பார்ப்பார்கள். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் பெயர்களைப் பக்கத்துக்குள்ளேயே வைத்துக் கட்டுவேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பில்ட், ஒரு அப்லோட். யாரும் சொல்லித்தந்ததல்ல. ரிடையரான டைப்பிஸ்ட், ஐம்பத்தெட்டு வயதில் தானாகக் கற்றது.

வாங்க: இருமல் மருந்து, குடைக்கம்பி, பால்.

ஐப்பசி 17, திங்கள்

எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன் என்று குறித்து வைத்திருக்கும் லாக் ஃபைலை அழித்தேன். பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடி இறக்கினேன், கட்டாயப்படுத்தி. இறங்கின. பில்ட் மட்டும் நிற்கிறது. படம் சுருக்கும் பேக்கேஜில்.

செங்கம் ரோடு பூத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி போன். வேங்கிக்காலில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

"சார், லாக் ஃபைல ஏன் அழிச்சீங்க? நோட்ட பழைய வெர்ஷனுக்கு எறக்கிட்டா போதும். நான் வந்து பத்து நிமிஷத்துல பண்ணித் தர்றேன்."

"நான் கட்டினது. நானே பார்த்துக்கறேம்மா."

"அந்தச் செவப்பு எழுத்தையாவது முழுசா படிங்க சார்."

போன வருஷம் பூத் நடத்தும் கமிட்டி பொன்னாடை போர்த்தியது அவளுக்கு. பக்கம் யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை ஜாஸ்தி. கரண்ட் இரண்டு முறை போனது.

முடித்துவிட்டேன். பில்ட் வரியின் கடைசியில் ஒரு சிறு சேர்க்கை: தோற்றாலும் வென்றதாக எண்ணி மேலே போ. போனது. அப்லோட் ஆனது. பச்சை எழுத்து. செல்விக்குச் சொல்லவில்லை.

போனில் திறந்து பார்த்தேன். திறக்கிறது. போன மாதப் பெயர்களையெல்லாம் நீக்கியிருந்தேன், இன்னும் தெரிகின்றன. போன் பழையதைப் பிடித்து வைத்திருக்கும். தானே போய்விடும்.

ஐப்பசி 19, புதன். பௌர்ணமி

பூத் 1. தார்ப்பாய் ஒழுகுகிறது. கூட்டம் காலையிலேயே.

3.10. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர், நாற்பது வயது இருக்கும். அம்மாவைக் காணோம். முனியம்மாள், 74, பச்சைப் புடவை. சுகர். ஆறு மணிக்கு ஊசி. ஊசிப் பை மகனிடம்.

"கைய புடிச்சிக்கினுதான் வந்தேன் சார். பொங்கல் குடுத்தாங்க, ரெண்டு கையும் நீட்டிட்டேன்."

பெயர் ஏற்றினேன். பில்ட். அப்லோட். பச்சை எழுத்து.

4.20. தகவல் இல்லை. மைக் இந்த மழையில் பத்தடிக்கு மேல் கேட்காது.

5.25. செல்வி போன்.

"சார், ஊன்றுகோல் தாத்தாவ தேடி நாலு பேர அனுப்பியிருக்கேன். இன்னும் கெடைக்கல."

ஊன்றுகோல் தாத்தா தொலைந்ததும் கிடைத்ததும் போன மாதம். பஸ் ஏற்றிவிட்டது நான்.

"முனியம்மாள்னு லிஸ்ட்ல பாரும்மா."

"அப்படி யாரும் இல்லீங்களே. சார், பச்சப் பொடவ அம்மா ஒருத்தங்க நாலு மணிக்கு வந்தாங்க. புள்ளைய காணோம்னாங்க. பேரு லிஸ்ட்ல இல்ல, யாரும் உங்கள தேடலம்மா, முன்னாடி போயிருப்பாங்கன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

"எந்தப் பக்கம்?"

"கூட்டத்தோட போனாங்க சார்."

5.40. எல்லா பூத்துக்கும் வாயாலேயே சொன்னேன். மூன்று பூத்தில் போன் போகவில்லை. பில்ட் வரியில் சேர்த்ததை எடுத்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு எழுத்து அப்படியே இருக்கிறது. ஃபோல்டருக்குள் பென்டிரைவோடு வந்த போன மாதப் பக்கம். இரண்டு நாளாக ஏறியது அதுதான்.

5.50. மகன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஊசிப் பை மடியில், மழை படாமல் துண்டால் மூடி.

"சார், லிஸ்ட்ல போட்டாச்சில்ல?"

போட்டாச்சு என்றேன்.